பரிபூரணம் போடாத கையெழுத்து

பரிபூரணம் ஒருவர் சொன்னதை ஒரே தடவையில் நம்பினாள் என்று ராஜபாளையத்தில் யாரும் சாட்சி சொல்ல முடியாது. பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். துணி கொண்டுவருகிற பெண் "எண்பது சென்டி இருக்குக்கா" என்றால் சரியென்று வாங்கி வைக்க மாட்டாள். அவள் கண்ணுக்கு முன்னாலேயே டேப்பை விரித்து அளந்து, எழுபத்தாறு என்றால் எழுபத்தாறு என்று அளவு நோட்டில் எழுதி, அதை அந்தப் பெண் வாயாலேயே ஒரு தடவை சொல்லவும் வைப்பாள். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கினால், அட்டையில் இருக்கிற பேரையும் டாக்டர் சீட்டில் எழுதிய பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தின் வடிவம் தெரியுமே.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளை மட்டும் சோதித்துப் பார்த்ததில்லை. அது அவள் வீட்டுக்காரர் சோலைராஜ்.

சோலைராஜ் நூல்மில்லில் ஃபிட்டர். வாய் அதிகம் கிடையாது. 1976 ஜனவரியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் இவர்களுக்கு மகள் பிறந்தாள். இரண்டு நாள் வலி. ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ரத்தம் நிற்காமல், பரிபூரணம் பிழைத்ததே பெரிய பாடு. பிள்ளைக்குச் செல்லக்கனி என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே தங்கவில்லை, உண்டாகவும் இல்லை.

மாமியார் சும்மா இருப்பாளா? 1981-இல் ஒரு நாள் மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டே தன் தம்பி மகளைப் பற்றிப் பேச்செடுத்தாள். ஆண் வாரிசு வேண்டும், இன்னொரு கல்யாணம் ஒன்றும் பாவமில்லை என்றாள். சோலைராஜ் சாப்பிட்ட கையை உதறிவிட்டு எழுந்தார்.

"இந்தப் பேச்சை இனிமே இந்த வீட்டுல எடுக்கக்கூடாது."

அவ்வளவுதான் சொன்னார். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பரிபூரணத்துக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கிலிருந்து அந்த மனுசனின் சொல்லை அவள் டேப் வைத்து அளந்ததில்லை. பிள்ளைக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள். "மதுரையில ஒரு லேடி டாக்டர்ட்ட காட்டுவோமா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டும் பார்த்தாள். "ஆண்டவர் குடுக்கும்போது குடுக்கட்டும், டாக்டர் எதுக்கு?" என்றார் அவர். நம்பிக்கையுள்ள மனுசன் என்று அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

1986 கோடையில் அவள் இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. மெஷின் மிதிக்கிற கால். எண்ணெய்க்கறை என்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். போகவில்லை. கல்லை வைத்துத் தேய்த்தாள். மிளகளவு இருந்தது ஆறு மாதத்தில் புளியங்கொட்டையளவு ஆகி, ஓரம் சிதைந்து, பிறகு வெடித்துக் கசிய ஆரம்பித்தது. உள்ளூர் டாக்டர் களிம்பு கொடுத்தார். அந்தக் களிம்புக் குழாயிலும் அவளுக்குச் சந்தேகம்தான், தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பூசினாள். புண் ஆறவில்லை. 87 ஆகஸ்டில் குளிக்கும்போது தொடையிடுக்கில் கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

"கால்ல புண்ணு இருந்தா நெறி கட்டத்தானே செய்யும்" என்றாள் பக்கத்து வீட்டு மாரியாத்தாள். அதே தெருவில் பதினைந்து வருசம் கூட இருந்தவள், பரிபூரணத்தைவிட நாலைந்து வயசு மூத்தவள்.

"நெறின்னா வலிக்கணும் மதினி. இது வலிக்கல" என்றாள் பரிபூரணம்.

வலிக்காதது அவளுக்குச் சரியாகப் படவில்லை. இந்தத் தடவை அவள் சந்தேகம் சரியான இடத்தில் விழுந்தது. உள்ளூர் டாக்டர் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குதிகாலில் துளி சதையை வெட்டிச் சோதித்தார்கள். பத்து நாள் கழித்துப் போனபோது, ராஜரத்தினம் என்கிற ஆபரேஷன் டாக்டர், நெடுநெடுவென்று வளர்ந்த மனுசன், நின்றபடியே சொன்னார்.

"தோல்ல வர்ற கான்சர்மா. கறுப்பு நிறத்துல வருமே, அந்த வகை. கால்லேர்ந்து இடுப்படிக்குப் பரவியிருக்கான்னு பாக்கணும்."

"அந்தச் சீட்டுல எம்பேரு எழுதியிருக்கா, வேற யாரு பேருமா?"

டாக்டர் சோலைராஜைப் பார்த்தார். சோலைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். தமிழிலும் பேர் இருந்தது. பரிபூரணம், வயது 41, ராஜபாளையம். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்த பிறகுதான் சீட்டைவிட்டுக் கண்ணை எடுத்தாள்.

பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்தக் காலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கால்விரல் இடுக்குகளில் நீல மருந்தை ஊசியாகப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் புறங்காலில் தோலுக்கடியில் நீல நூல் ஓடுகிற மாதிரி மெல்லிய கோடுகள் எழும்பின. அதில் ஒரு கோட்டுக்கு மேலே தோலைச் சிறிதாகக் கீறி, மயிர் மாதிரி ஒரு ஊசியை அந்தக் குழாய்க்குள் செலுத்திக் கட்டி, எண்ணெய் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் அசையக்கூடாது. ரத்தக்குழாய் அல்லாமல் உடம்பில் வேறு குழாய்களும் இருக்கின்றன என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, சொட்டுகளை எண்ணினாள். ஐந்நூறுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. அதுவும் வேண்டுமென்றே தவற வைத்தார்களோ என்று பட்டது, ஏனென்றால் அந்த நேரம் பார்த்துத்தான் நர்ஸ் வந்து "தண்ணி வேணுமாக்கா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் ஒன்றுக்குப் போனால் பச்சையும் நீலமுமாகப் போயிற்று. கையில் தோல்கூட நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது. பரிபூரணம் வார்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கூட இருக்க வந்த மாரியாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு என்னத்தையோ ஏத்திட்டாவ மதினி. இது மருந்தில்ல."

மாரியாத்தாள் தேற்றுவதற்குப் பதிலாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மெட்ராஸ்ல ஒருத்தனை வயித்துவலின்னு படுக்க வச்சு கிட்னியை எடுத்துட்டாவளாம். முழிச்சுப் பாத்தா இம்புட்டு நீளத் தையலாம். நீ எதுக்கும் கையெழுத்துப் போட்டுராத ஏட்டி."

அந்த வருசங்களில் கிட்னிப் பேச்சு எங்கும் இருந்தது. பஸ்ஸில் கேட்கலாம், டீக்கடையில் கேட்கலாம். பரிபூரணம் அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சோற்றையும் தொடவில்லை.

மறுநாள் இடுப்பை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துச் சொல்கிற டாக்டரம்மா சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்தாள். சோலைராஜ் டீ குடிக்கப் போயிருந்தார். மாரியாத்தாள் வெளியே பெஞ்சில். பரிபூரணம் விடாமல் கேட்டதால் அவளை உள்ளே கூப்பிட்டு, விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டிக் காட்டினாள் அந்த டாக்டரம்மா.

"இதுதான் உங்க இடுப்பெலும்பு. இந்த வெள்ளை மணி மணியா தெரியுதே, இதெல்லாம் நெறி. நாம ஏத்துன மருந்து போய் நெறைஞ்சிருக்கு. நல்ல நெறின்னா முழுசா நெறையும். இதைப் பாருங்க, இடது பக்கம். ஓரம் அரிச்ச மாதிரி ஓட்டை தெரியுதா? அங்க மருந்து போகல. வேற ஏதோ எடத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. அதான் எடுக்கணும்னு ராஜரத்தினம் சார் சொல்லுவாரு."

பரிபூரணம் குனிந்து பார்த்தாள். ஓட்டை தெரிந்தது. அதைவிடத் தெளிவாக இன்னொன்று தெரிந்தது. நடுவயிற்றுக்குக் கீழே, எலும்புக்கூட்டுக்குள், வளைந்து வளைந்து போகிற வெள்ளைக் கோடு. தையலில் வளைவு போடுவார்களே, அந்த மாதிரி. உடம்பில் விளைகிற சாமானாக அது தெரியவில்லை.

"இது என்னது?"

"அது லூப்புதானே. பழைய மாடல். எப்ப வச்சீங்க?" டாக்டரம்மா சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே கேட்டாள்.

"எந்த லூப்பு?"

"பிள்ளை தங்காம இருக்கக் கர்ப்பப்பையில வைக்கிறது. நீங்க..." டாக்டரம்மா நிமிர்ந்தாள். எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டாள். "உங்களுக்குத் தெரியாதா?"

பரிபூரணம் படத்தின் பக்கம் திரும்பினாள். அதன் மூலையில் தமிழில் எழுதியிருந்த பேரைத்தான் முதலில் வாசித்தாள். அவள் பேர்தான். பிறகு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினொரு வருசம் என்று மட்டும் மனசில் ஓடியது. வருசத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை.

வெளியே வந்தபோது சோலைராஜ் "என்ன சொன்னாவ?" என்று கேட்டார்.

"நெறியை எடுக்கணுமாம். வார புதன்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருக்காவ."

"வேற?"

அந்த 'வேற' அவள் காதில் உறுத்தியது. இத்தனை வருசமாக அந்த ஆள் ஒன்று கேட்டால் ஒன்றுக்கு மேல் கேட்டதில்லை. "வேற ஒண்ணுமில்ல" என்றாள். படத்தை உறையோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ராஜபாளையம் வந்து சேருகிற வரைக்கும் பஸ்ஸில் அவர் கையில் கொடுக்கவே இல்லை.

வீட்டில் அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். அவர் பீரோவைத் திறந்தால் எதற்குத் திறக்கிறார் என்று பார்த்தாள். படம் எங்கே என்று ஒரு தடவை கேட்டார். "பத்திரமா இருக்கு" என்றாள். தைக்க வந்த துணிக்கட்டுக்கு அடியில் அது இருந்தது. ஒரு வேளை செத்துப்போன மாமியார் செய்த வேலையோ? இல்லை, அவளுக்குப் பேரன் வேண்டுமென்றுதானே ஆலாய்ப் பறந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்களா? எமர்ஜென்சி வருசம் அது. ஆளைப் பிடித்துக்கொண்டுபோய் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று ஊரே பயந்து கிடந்த காலம். நினைக்க நினைக்க, எல்லா முகமும் அவளுக்குக் கள்ள முகமாகவே தெரிந்தது.

மூன்றாம் நாள் சோலைராஜ் மில்லுக்குப் போனதும், குதிகால் கட்டோடு நொண்டிக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ் ஏறினாள். செல்லக்கனி பிறந்த ஆஸ்பத்திரி இப்போது பெயிண்டும் ஆணியும் விற்கிற கடையாகியிருந்தது. டாக்டர் செத்து ஏழு வருசமாகிவிட்டது என்றார் கடைக்காரர். நர்ஸ் தங்கபாய் இருக்கிறாள், வன்னியம்பட்டியில் தம்பி வீட்டில்.

தங்கபாய் ரொம்பத் தளர்ந்துபோயிருந்தாள். வீட்டு வாசலில் கட்டில் போட்டு மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். வந்தவளை அடையாளம் தெரியவில்லை. பரிபூரணம் உட்காராமல் உறையிலிருந்து படத்தை உருவி வெயிலுக்கு எதிரே பிடித்தாள்.

"சிஸ்டர், இது எப்படி எனக்குள்ள வந்துச்சு?"

கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துபோயிற்று. கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள்.

"ஆயுதம் போட்ட கேசா? ரத்தம் நிக்காம கெடந்தியே. சோலைராஜு வீட்டுக்காரி."

"எப்படி வந்துச்சுன்னு கேட்டேன்."

"ஒண்ணரை மாசம் கழிச்சுக் காட்ட வந்தேல்ல? அன்னைக்கு வச்சது. புண்ணைப் பாக்குறேன்னு சொல்லித்தான் வச்சேன்." தங்கபாய் மறைக்கவில்லை. "அடுத்த பிரசவம் இவளுக்குத் தாங்காதுன்னு டாக்டரு சொன்னாரு. அது நெசம். அதோட அந்த மாசத்துல இத்தனை பேருக்கு வச்சாகணும்னு மேலேருந்து கோட்டா. எட்டு பேருதான் ஆயிருந்துச்சு. நீ ஒன்பதாவது."

"எனக்காக வச்சியளா, கோட்டாவுக்காக வச்சியளா?"

"ரெண்டுக்கும்தான்." கிழவி முந்தானையில் கையைத் துடைத்தாள். "கோட்டா இல்லாட்டி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருப்பேன். கேட்டு, நீ மாட்டேன்னுட்டா? அந்தப் பயத்துலதான் கேக்கல. ஆனா திருட்டுத்தனமா வைக்கல தாயி. கையெழுத்து வாங்கித்தான் வச்சோம்."

"நான் எந்தக் கையெழுத்தும் போடல."

"நீ போடல. உன் வீட்டுக்காரரு போட்டாரு."

பரிபூரணம் எப்படி பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. குதிகால் கட்டில் ரத்தம் ஊறியிருந்ததை ஒரு கண்டக்டர் சொல்லித்தான் பார்த்தாள்.

மூன்று மணிக்கு முதல் ஷிப்டு முடிந்து சோலைராஜ் வந்தார். செல்லக்கனி இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. ஜன்னல் கம்பியில் துணி மாட்டுகிற கிளிப்பால் படத்தை மாட்டி வைத்திருந்தாள் பரிபூரணம். அவர் சட்டையைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றார்.

"தங்கபாயைப் பாத்துட்டு வாரேன்" என்றாள்.

சோலைராஜ் தரையில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நீ கெடந்த கெடைக்கு, இன்னொரு பிள்ளைன்னா ஆள் இருக்க மாட்டான்னு சொன்னாவ. கையெழுத்து எங்க போடணும்னு கேட்டேன். போட்டுட்டேன். ரெண்டு வருசத்துல அதுவா விழுந்துரும்னும் சொன்னாவ. விழுந்திருக்கும்னுதான் நான் நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எடுக்கச் சொல்லுவ."

"ஆமா, சொல்லுவேன். எங்க அத்தை என்னைய ஊரு பூரா குறை சொன்னாளே, அப்பயாச்சும் சொன்னியளா? நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி கெடந்தேன். அன்னைக்கெல்லாம் நீங்க என்ன செஞ்சிய? எம்முன்னாலயே உக்காந்து சோறு தின்னிய." அவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டாங் கல்யாணம் வேண்டாம்னு எந்திரிச்சுப் போனியளே. அது எம்மேல உள்ள பிரியம்னுல்லா இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"பிரியந்தான்" என்றார் சோலைராஜ்.

"இப்ப எனக்கு அது தெரியலியே. குத்தமுள்ளவன் எந்திரிச்சுப் போனானா, பிரியமுள்ளவன் எந்திரிச்சுப் போனானான்னு இனிமே நான் எப்படிக் கண்டுபிடிக்கது?"

அவர் அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அந்த அழுகையையும் அவள் நம்பலாமா என்று யோசித்துக்கொண்டேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை அவள் மதுரைக்குப் போகவில்லை. கண்ணை முழித்துக்கொண்டிருந்தபோதே இவர்கள் இப்படிச் செய்தால், மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்து என்னென்ன செய்வார்கள்? எந்தக் கையெழுத்தை யார் போடுவார்கள்? சோலைராஜ் கெஞ்சினார். மகள் அழுதாள். சபையிலிருந்து ஆள் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். பரிபூரணம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து வலது காலால் மட்டும் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் தினமும் காலையில் குளிக்கும்போது டேப்பை எடுத்துக்கொண்டு போவாள். தொடையிடுக்குக் கட்டியை அளந்து நோட்டில் எழுதுவாள். முதல் நாள் இரண்டு சென்டி. ஒரு வாரத்தில் இரண்டேகால். மூன்றாவது வாரம் மூன்றைத் தொட்டது. பக்கத்தில் சின்னதாக இன்னொன்றும் முளைத்திருந்தது. யார் சொன்னதையும் அவள் நம்ப வேண்டியதில்லை. அளந்தது அவள், எழுதியதும் அவள்.

அன்றே நோட்டின் கடைசித் தாளில் கேள்விகளை எழுதினாள். பதினேழு கேள்வி. சோலைராஜிடம் சொல்லாமல் மாரியாத்தாளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனாள்.

டாக்டர் ராஜரத்தினம் முதலில் சத்தம் போட்டார். "ஒரு மாசத்தைப் பாழாக்கிட்டீங்களேம்மா! இப்ப வந்து கேள்வி கேக்கணுமா?" பக்கத்து அறையிலிருந்து அந்தக் கண்ணாடி போட்ட டாக்டரம்மா வந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை தடவையில் அன்றைக்குத்தான் அவர் உட்கார்ந்து பேசினார்.

"கேளுங்க."

"கிட்னி எங்க இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. எழுந்து திரும்பி நின்று, தன் முதுகில் விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் கையை வைத்துக் காட்டினார். பிறகு தாளில் ஒரு காலை வரைந்தார். குதிகாலில் ஒரு வட்டம், தொடையிடுக்கில் ஒரு வட்டம். "கால்ல முள்ளு குத்துனா இங்க நெறி கட்டுதுல்ல? கால்லேருந்து வர்ற நீர் எல்லாம் இங்க வந்துதான் மேல போகும். சீக்கும் அதே பாதையிலதான் வந்திருக்கு. குதிகால்ல புண்ணைச் சுத்தி வெட்டி எடுத்து, தொடையிலேருந்து தோல் எடுத்து ஒட்டுவேன். இங்க கீறி, நெறி அம்புட்டையும் கொழுப்போட எடுப்பேன். வயித்துக்குள்ள கையே வைக்க மாட்டேன்."

"பொறவு காலு எப்படி இருக்கும்?"

"வீங்கும். ஆயுசுக்கும் வீங்கும்."

"சீக்கு போயிருமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியாதும்மா. எடுத்தா பிழைக்கிறதுக்கு வழி இருக்கு. எடுக்கலைன்னா வழி ரொம்பக் கம்மி. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

மதுரைக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஆள் அவளிடம் தெரியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் நோட்டை மூடினாள். பதினான்கு கேள்வி பாக்கியிருந்தது.

"நீங்க இப்பச் சொன்னதை இந்தத் தாளுலயே தமிழ்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அந்த லூப்பையும் எடுக்கணும். எடுத்ததை எல்லாம் நான் கண்ணால பாக்கணும்."

டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

படுக்கிற அன்றைக்கு ஆபீஸ் ஜன்னலில் ஒரு தகராறு. கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார் கிளார்க். "எங்க வீட்டுக்காரரு கையெழுத்து எங்கிட்ட செல்லாது" என்றாள் பரிபூரணம். கிளார்க்குக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசை நீண்டது. கடைசியில் ராஜரத்தினமே வந்து, நோயாளி கையெழுத்தும் ஒரு சாட்சியும் போதும் என்று சொன்னார். தாளை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பரிபூரணம் தன் பேரை எழுதினாள். கையெழுத்துப் போடாதே என்று சொன்ன அதே மாரியாத்தாள் சாட்சிக்குக் கைநாட்டு வைத்தாள். தகவல் தெரிந்து ஓடிவந்த சோலைராஜ் வராண்டாவின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வரவில்லை.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. மூன்றாம் நாள், உட்கார முடிந்ததும், அவள் முதலில் முதுகைத்தான் தடவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தையல் இல்லை. டாக்டரம்மா மருந்துத் தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். பதினான்கு நெறி. பன்னிரண்டு வெளுத்துக் கிடந்தன. இரண்டு மட்டும் மை ஊறின மாதிரி கறுத்திருந்தன. இன்னொரு சின்ன டப்பியில் பழுத்துப்போன பிளாஸ்டிக் வளைவு.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள் பரிபூரணம்.

"இவ்வளவுதான்."

அவள் டப்பியை எடுத்து விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போய்க் குப்பையில போடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தொடைப் புண் ஒரு இடத்தில் பிரிந்து, ஆறுவதற்கு இரண்டு மாதமாயிற்று. டாக்டர் சொன்னபடியே கால் வீங்கியது. சாயங்காலமானால் இடது கால் வலது காலைப்போல ஒன்றரை மடங்கு. காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் விரலிலிருந்து தொடை வரைக்கும் வீக்கம் ஏறாமல் இழுபடுகிற துணிக்கட்டுப் போட வேண்டும். குனிய முடியாததால் செல்லக்கனிதான் கட்டிவிடுவாள். சோலைராஜ் கேட்டுப் பார்த்தார். "வேண்டாம்" என்றாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சோறு வைத்தாள், துணி துவைத்தாள், மகள் படிப்பைப் பற்றிப் பேசினாள். அவர் மில்லிலிருந்து தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்டாள், சொன்ன காரணத்தை அடுத்த நாள் இன்னொருவரிடம் விசாரித்தாள். அவருக்கு அது தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அவர் காலையில் சாப்பிடுவதை விட்டிருந்தார். அதை அவள் பார்த்தாள், கேட்கவில்லை.

1993-இல் தொடையிடுக்கில் மறுபடியும் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இப்போது நீல ஊசியெல்லாம் போடவில்லை. ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டே ஊசியால் துளி எடுத்துச் சோதித்தார்கள். ரிப்போர்ட் வருகிற வரைக்கும் ஆறு நாள் அவள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தழும்புக்கடியில் கட்டிப்போன கொழுப்பு, வேறொன்றுமில்லை என்றார்கள். அதை நம்பாமல் விருதுநகரில் இன்னொரு டாக்டரிடமும் காட்டினாள். அவரும் அதையே சொன்னார். அதற்குப் பிறகும் மூன்று மாதம் டேப் வைத்து அளந்தாள். கூடவில்லை.

1997 வைகாசியில் செல்லக்கனிக்கு ஆலங்குளத்தில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை சிமெண்ட் ஆலையில் வேலை. மகள் புருசன் வீட்டுக்குப் போன மறுநாள் காலையில் பரிபூரணம் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணிக்கட்டு மடியில் இருந்தது. குனிந்து பார்த்தாள். முட்டுக்குக் கீழே கை எட்டவில்லை. மாரியாத்தாளைக் கூப்பிடலாம், ஆனால் அவளுக்கும் முட்டுவலி.

கதவுப் பக்கம் சோலைராஜ் நின்றார். போன வருசம்தான் மில்லில் ரிட்டையர் ஆகியிருந்தார். தலை பூராவும் வெளுத்துவிட்டது.

"நான் கட்டட்டுமா?" என்று கேட்டார்.

பத்து வருசத்தில் அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று அவள் எண்ணி வைக்கவில்லை. கட்டை எடுத்து நீட்டினாள்.

அவர் தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். ஒட்டுத்தோல் வைத்த குதிகாலை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததே இல்லை. விரலிலிருந்து ஆரம்பித்தார். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விழுந்தது.

"அப்படி இல்ல. ஒரு சுத்து மேல பாதி அடுத்த சுத்து வரணும். அவுத்துக் கட்டுங்க."

அவிழ்த்துக் கட்டினார். முட்டு வரைக்கும் வந்ததும் அவள் சுற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இறுக்கமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. ஆனா இருக்கட்டும். மேல சுத்துங்க" என்றாள்.